எங்கட கோட்டையில் எந்தப் பேய்? மர்மயோகியும் பிரட்றிக் கோட்டையும்

1951இல் வெளிவந்த 'மர்மயோகி' படத்துக்கு இந்தியத் தணிக்கைச் சபை 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. வயது வந்தவர்கள் மட்டும்தான் பார்க்கலாம். தமிழில் அந்தச் சான்றிதழோடு வந்த முதல் படம் இதுதான் என்று தமிழ் சினிமா வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? படத்தில் ஒரு பேய் வருகிறது. செத்துப்போனதாக எல்லாரும் நம்பிய அரசன் ஒருவன் தன்னுடைய அரண்மனைக்குள்ளேயே இரவில் நடமாடுகிறான். அதைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துபோகும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேய்க்கு ஆறு வயதுப் பிள்ளைகூடப் பயப்படாது. ஆனாலும் நாங்கள் இந்தப் படத்தைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் திருகோணமலைப் பெடியள். எங்கட ஊரில் கடலுக்கு மேலே ஒரு கோட்டை நிற்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். பிடுங்கப்பட்ட இடம், மறைத்து வைத்த குற்றம், வாசலில் எதிர்காலம் சொல்லும் கல், குன்றில் இருந்து குதித்த பெண், கடலுக்கு அடியில் கிடக்கும் சாமி என்று ஒரு கோட்டைப் பேய்க் கதைக்குத் தேவையான சாமான் எல்லாம் இஞ்ச இருக்கு. அப்படியிருந்தும் இந்தக் கோட்டையைப் பற்றித் தமிழில் யாரும் கொண்டாடுகிற மாதிரி ஒரு படம் வந்ததில்லை. ஏன் என்பதை மர்மயோகியை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம்.

கோட்டைக் கதை பிறந்த கதை

பாழடைந்த கோட்டை, இரகசிய வழி, பழைய குற்றம், உலாவும் ஆவி. இந்த வகைக் கதைக்கு மேற்கில் கோதிக் என்று பெயர். இதைத் தொடக்கி வைத்த நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஹொரேஸ் வோல்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை'. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மன்ஃபிரட் என்பவன் ஒரு கோட்டையை ஆள்கிறான். உண்மையான உரிமையாளனை நஞ்சு வைத்துக் கொன்று அந்தக் கோட்டையைப் பிடித்தவன் அவனுடைய பாட்டன். உண்மையான சொந்தக்காரன் கோட்டைக்குள் அடங்காத அளவுக்கு வளரும்போது கோட்டை இந்தக் குடும்பத்தின் கையைவிட்டுப் போகும் என்று ஒரு பழைய வாக்கு இருக்கிறது. மகனின் கலியாண நாளில் வானத்திலிருந்து ஒரு இராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. கடைசியில் கோட்டைச் சுவர்கள் இடிந்து விழுகின்றன. யாரோ ஒரு குடியானவன் என்று எல்லாரும் நினைத்த இளைஞன்தான் உண்மையான வாரிசு என்று தெரியவருகிறது.

இதில் எங்களுக்குப் பிடித்த ஒரு சின்னத் தகவல் உண்டு. இதே வோல்போல்தான் 1754இல் ஒரு கடிதத்தில் 'செரண்டிப்பிற்றி' என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். எதிர்பாராமல் நல்லது ஒன்று கையில் அகப்படுவதைக் குறிக்கும் சொல். 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்ற பழைய கதையிலிருந்து எடுத்தது. செரண்டிப் என்பது எங்கட தீவின் பழைய பெயர்களில் ஒன்று. பேய்க் கோட்டையை உலகத்துக்குக் கொடுத்தவரே எங்கட நாட்டின் பெயரில் ஒரு சொல்லையும் கொடுத்திருக்கிறார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

கோதிக் கதையின் அடிப்படை பேய் இல்லை என்பதைக் கவனியுங்கோ. அடிப்படை ஒரு திருட்டு. யாரோ யாருடைய இடத்தையோ பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள், அல்லது மறந்த மாதிரி நடிக்கிறார்கள். சுவர் மட்டும் மறக்கவில்லை. பேய் என்பது சுவரின் ஞாபகம்.

ஊர்வசியின் அரண்மனை

மர்மயோகியின் கதையும் அதேதான். ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு. இயக்கம் கே. ராம்நாத். கதை வசனம் ஏ. எஸ். ஏ. சாமி. மேரி கொரெலி 1886இல் எழுதிய 'வெண்டெட்டா' நாவலையும், எல்லாருக்கும் தெரிந்த ரொபின் ஹுட் கதையையும் கலந்து செய்தது. கொரெலியின் நாவலில், கொள்ளை நோயில் செத்துவிட்டதாக நினைத்துக் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்ட ஒருவன் உயிரோடு எழுந்து வந்து, மாறுவேடத்தில் தன் மனைவியைப் பழிவாங்குகிறான்.

படத்தில் அந்த மனைவி ஊர்வசி. அஞ்சலி தேவி நடித்தார். ஊர்வசி அரசனை மயக்கி, அவனை ஆற்றில் தள்ளிக் கொல்லச் சதி செய்து, தானே அரியணையில் ஏறுகிறாள். அரசன் சாகவில்லை. யோகி வேடத்தில் திரிகிறான், அரண்மனைக்குள் ஆவியாகவும் தோன்றுகிறான். செருகளத்தூர் சாமா அந்தப் பாத்திரத்தில் நடித்தார். காட்டுக்குள் இருந்து ஏழைகளுக்காகச் சண்டை பிடிக்கும் கரிகாலனாக எம்.ஜி.ஆர். அவரைப் பிடிக்க அனுப்பப்படும் தளபதியாக எஸ். வி. சகஸ்ரநாமம். இரண்டு பேரும் அண்ணன் தம்பி, அதே அரசனின் பிள்ளைகள். அது அவர்களுக்கே தெரியாது.

ராம்நாத் இயக்குநராவதற்கு முன்னம் ஒளிப்பதிவாளர். ஜெமினியில் வேலை செய்தவர். அது படத்தில் தெரிகிறது. பேய்க்குத் தனியாகப் பெரிய வேஷம் எதுவும் இல்லை. நீளமான நடை, தூண், நிழல். ஊர்வசி தனியாக நிற்கும்போது அரண்மனை அவளைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிடித்த இடத்தில் அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பதை வசனம் இல்லாமலே சொல்லிவிடுகிறார்.

எம்.ஜி.ஆருக்கும் இது முக்கியமான படம். 1947இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனானவர். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் வீரன் என்ற உருவம் அவருக்கு இறுக்கமாக ஒட்டியது இந்தப் படத்தில்தான் என்று சொல்லலாம். 1917இல் கண்டிப் பக்கத்தில் பிறந்தவர் என்பதால் இலங்கையில் அவரை எங்கட ஆள் என்றே பலரும் நினைத்தார்கள். 1965இல் சரோஜா தேவியோடு இங்கே வந்தபோது அவரைப் பார்க்கச் சனம் திரண்டது. எங்கட பேரன், பேத்தியார் தலைமுறைக்குக் கோட்டை, சுரங்கம், மாறுவேடம், வாள் சண்டை என்றால் மனதில் வருவது இப்படியான சென்னை, கோயம்புத்தூர் ஸ்ரூடியோக் கோட்டைகள்தான். பலகையும் துணியும் சாந்தும் வைத்துக் கட்டிய கோட்டைகள். கல்லால் கட்டிய கோட்டை பக்கத்திலேயே நின்றது.

இஞ்ச இருக்கிற கோட்டை

1622இல் தமிழ்ப் புத்தாண்டு நாளில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் படை கோணேசர் கோயிலைக் கொள்ளையடித்து இடித்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. சாமியை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோன நேரம், படைவீரர்கள் பிராமணக் குருக்கள் மாதிரி வேடம் போட்டு உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊர் வழக்கு. 1624 அளவில் அதே குன்றில், இடித்த கோயிலின் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள்.

இதை மர்மயோகியோடு சேர்த்துப் பாருங்கோ. படத்தில் இடத்தை இழந்தவன் யோகி வேடம் போட்டுத் திரும்பி வருகிறான். இஞ்ச இடத்தைப் பிடிக்க வந்தவர்களே குருக்கள் வேடத்தில் வந்ததாகச் சனம் சொல்லுது. வேடம் ஒன்றுதான், போட்டவர்கள் வேறு.

அதற்குப் பிறகு கோட்டை கைமாறிக்கொண்டே போனது. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர். அதே வருசம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன். பிறகு திரும்பவும் ஒல்லாந்தர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கும். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆதர் வெல்லெஸ்லி 1800, 1801இல் இங்கே வந்து நின்றபோது தங்கிய வீடு என்று ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். இப்போது உள்ளே இராணுவ முகாம் இருக்கு. புள்ளிமான்கள் யாருக்கும் பயப்படாமல் திரிகின்றன. கோயிலுக்குப் போகிற சனம் மான்களுக்குத் தீனி போட்டுவிட்டுப் போகும்.

இத்தனை பேர் ஏன் இந்த ஒரு குன்றுக்கு அடிபட்டார்கள்? துறைமுகம்தான் காரணம். ஆழமானது, காற்றுக்கு மறைப்பானது, உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இந்தத் துறைமுகத்தை வைத்திருப்பவன் வங்காள விரிகுடாவில் கப்பல் படையை வைத்திருக்கலாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். சினிமாக் கோட்டையில் ஒரு பெண்ணின் பேராசை சதி செய்கிறது. எங்கட கோட்டையில் சதி செய்தது கடலின் ஆழம்.

கோட்டை வாசலில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இருக்கு. பக்கத்துக் கல்லில் சிதைந்த தமிழ் எழுத்துகள் இருக்கு. குளக்கோட்டன் செய்த திருப்பணியையும், பின்னால் பறங்கியர் வந்து அதை உடைப்பதையும், அதற்குப் பின்னால் யார் யார் வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லும் பாட்டு அது என்பது ஊரில் வழங்கும் வாசிப்பு. எழுத்து சிதைந்து கிடப்பதால் எவ்வளவு கல்லில் இருந்தது, எவ்வளவு சனத்தின் வாயில் இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் இருக்கு. எப்படியோ, வோல்போலின் கோட்டைக்கு ஒரு வாக்கு தேவைப்பட்டது. எங்கட கோட்டை வாசலில் அது கல்லிலேயே நிற்கிறது.

குதிக்காத பெண்

கோயில் பக்கம் ஒரு நினைவுத் தூண் இருக்கு. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் தூண். காதலன் கைவிட்டுக் கப்பலேறியதால் அவள் குன்றின் உச்சியிலிருந்து கடலில் குதித்துச் செத்தாள் என்று கதை. உல்லாசப் பயணிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. அந்த இடத்துக்கே காதலர் பாய்ந்த இடம் என்று ஆங்கிலத்தில் பெயர் விழுந்துவிட்டது.

தூணில் உள்ள திகதி 1687 ஏப்ரல் 24. அவள் குதித்தாள் என்றோ செத்தாள் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய நினைவாக நிறுத்தப்பட்டது என்றுதான் இருக்கு. அதற்குப் பல வருசங்கள் கழித்து அவள் கலியாணம் கட்டினாள் என்பதை ஒல்லாந்தப் பதிவுகளிலிருந்து வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அப்ப இந்தக் கதை ஏன் இவ்வளவு காலம் நின்றது? எங்களுக்குத் தோன்றுவது இதுதான். கோட்டைக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. இடித்த கோயிலின் பேய் வந்தால் சங்கடம், கணக்குக் கேட்கும். காதலில் தோற்ற வெள்ளைக்காரப் பெண்ணின் பேய் யாரிடமும் கணக்குக் கேட்காது. அதனால் செத்திராத ஒருத்தியைப் பேயாக்கி, உண்மையிலேயே செத்ததை மறக்க வசதி செய்துவிட்டார்கள். இதையும் கோதிக் கதையின் ஒரு வேலையாகப் பார்க்கவேண்டும். பேய்க் கதை சில நேரம் உண்மையைக் கிளப்பும், சில நேரம் உண்மைக்கு மேல் போர்வை போடும்.

கடலுக்குள் போன கமரா

1950இல் கோட்டைக்குப் பக்கத்தில் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன. இடிப்புக்கு முன்னம் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அடியில் கிடப்பதைப் பார்த்தார்கள். கிளார்க் அதைப் பற்றி அடுத்த வருசமே ஒரு புத்தகம் எழுதினார். 1963இல் மீண்டும் கட்டிய கோயிலில் கிணற்றிலிருந்து வந்த சிலைகளுக்கு இடம் கிடைத்தது.

இதே மைக் வில்சன் 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். சிங்களத்தில் வந்த முதல் வண்ணப் படம். கடலடிப் புதையலைச் சுற்றிய சாகசக் கதை. காமினி பொன்சேகா, ஜீவராணி குருகுலசூரிய, ஜோ அபேவிக்ரம நடித்தார்கள். திருகோணமலையில் எடுத்தது. இந்தக் கடலின் அடியைத் திரையில் வண்ணத்தில் இந்தத் தீவு அந்தப் படத்தில் பார்த்தது. படம் பெரிய வெற்றி.

வில்சன் பிறகு என்ன ஆனார் என்பது இன்னும் சுவாரசியம். சினிமாவை விட்டார். கதிர்காமக் கந்தனின் பக்தரானார். சுவாமி சிவ கல்கி என்று பெயரும் மாற்றிக்கொண்டார். கோயிலின் கற்களைக் கடலுக்குள் தேடிப்போன மனிதன் கடைசியில் காவி உடுத்தான். மர்மயோகி என்ற பெயர் இவருக்குத்தான் பொருத்தம்.

எங்கட ஊரில், எங்கட கடலில், ஒரு ஆங்கிலேயர் சிங்களத்தில் படம் எடுத்தார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மூழ்கினார், பார்த்தார், எடுத்தார். கேள்வி எங்களிடம்தான். அதே 1962இல்தான் இலங்கையின் முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படும் 'சமுதாயம்' வந்தது. பிறகு 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று நல்ல முயற்சிகள் வந்தன. ஆனால் தியேட்டர்களைத் தமிழ்நாட்டுப் படங்கள் நிரப்பின. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. படம் எடுத்த தமிழர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். போர்க் காலத்தில் கோட்டைக்குள் கமராவைத் தூக்கிக்கொண்டு போகிறதைப் பற்றி யாரும் யோசிக்கவே முடியாது. படம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கு.

ஒரே ஒரு உண்மையான அரசன்

இனி வந்தால், எப்படிப்பட்ட படம் வரவேண்டும்? மர்மயோகியை அப்படியே இஞ்ச கொண்டுவந்து வைப்பது சுலபம். கோட்டையைப் பிடித்தவள் கெட்டவள், காட்டுக்குள் இருக்கும் கரிகாலன் நல்லவன், அரசன் உயிரோடு இருக்கிறான், கடைசியில் முகமூடி கழரும், எல்லாம் சரியாகிவிடும்.

எங்களுக்குப் பயம் இந்த இடத்தில்தான். கோதிக் கதையில் உண்மையான வாரிசு ஒருவன் மட்டும்தான். அதனால்தான் கதை இரண்டரை மணித்தியாலத்தில் முடிகிறது. வரலாறு அப்படி முடிவதில்லை. 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. தொடக்கத்தில் அந்தச் செயலணியில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கோணேசர் கோயில் இருக்கும் இடம் பழைய கோகர்ண விகாரை என்ற பேச்சும் அப்போது உரத்துக் கேட்டது. ஒவ்வொரு தரப்பும் தன்னைக் கரிகாலன் என்றும் மற்றவனை ஊர்வசி என்றும் நினைத்துக்கொண்டால் கோட்டை என்னவாகும்? 1622இல் என்ன நடந்ததோ அதுதான் திரும்ப நடக்கும்.

அதற்காக நடந்த திருட்டை மறந்துவிடுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. கோயிலை இடித்தார்கள், கல்லை எடுத்துச் சுவர் கட்டினார்கள், அது நடந்தது. 2020இல் தொடக்கத்தில் செயலணியில் எங்களுக்குக் கதிரை இல்லாமல் போனதும் நடந்தது. இவற்றைச் சொல்லத்தான் வேண்டும், உரத்துச் சொல்லவேண்டும். ஆனால் சொல்லும்போது கோட்டையின் மற்றக் கதைகளையும் விழுங்காமல் சொல்லவேண்டும். அதே குன்றைப் பல நூற்றாண்டாகச் சைவர்களும் பௌத்தர்களும் தங்கள் தங்கள் நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் சோனகர் வியாபாரம் செய்தார்கள். சுவர் கட்டக் கல் சுமந்த கூலிகளின் பெயர் எந்த மொழியிலும் இல்லை. எங்களைக் கேட்டால், அந்தக் கோட்டையில் உண்மையிலேயே பேய் உலாவுவதென்றால் அது கல் சுமந்த அந்த ஆட்களின் பேயாகத்தான் இருக்கும். அவர்களுக்கு யோகி வேடம் போடவும் வழி இல்லை, அரியணை கேட்கவும் வழி இல்லை.

செய்யக்கூடிய சில வேலைகள்

பெரிய கமராவும் பணமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் மர்மயோகியைத் தேடிப் பாருங்கோ. ஊர்வசி தனியாக நிற்கும் காட்சிகளில் ராம்நாத் வெளிச்சத்தை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கோ. எழுபது வருசத்துக்கு முன்னம், கையில் இருந்ததை வைத்துப் பயத்தை உண்டாக்கிய வித்தை அது. 'ரன் முத்து தூவ'வையும் தேடிப் பாருங்கோ. சிங்களம் தெரியாதென்றாலும் கடல் தெரியும்.

வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்களிடம் கேளுங்கோ. எம்.ஜி.ஆர் படத்துக்கு எந்தத் தியேட்டருக்குப் போனார்கள், என்ன விலைக்கு ரிக்கெற் எடுத்தார்கள், கிணற்றிலிருந்து சாமி வந்ததாக யார் வந்து சொன்னார்கள், கடலடியில் வெள்ளைக்காரர் மூழ்கினதைக் கரையில் நின்று பார்த்த யாரையாவது தெரியுமா என்று கேளுங்கோ. போனில் பதிவு செய்து வையுங்கோ. அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

கோயிலுக்குப் போகும்போது வாசலில் ஒரு நிமிசம் நில்லுங்கோ. மீன்களைப் பாருங்கோ, சிதைந்த எழுத்தைப் பாருங்கோ. கூட வருகிற தம்பி தங்கச்சிக்கு பிரான்சினாவின் கதையைச் சொல்லுங்கோ, அவள் குதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. பேய்க் கதை கேட்ட பிள்ளை அடுத்ததாக ஒரு கேள்வி கேட்கும்: அப்ப இஞ்ச செத்தது ஆர்? அதற்குப் பதில் சொல்லக்கூடிய மாதிரி நாங்கள் வாசித்து வைத்திருக்கவேண்டும். படம் பிறகு வரட்டும்.